அண்ணனின் கட்டியும் தம்பியின் பச்சை அறிக்கையும்: பி வைரஸ் கல்லீரல் புற்றுநோயில் மரபு வேற்றுமை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூரில் உள்ள ஒரு மருத்துவமனையின் கல்லீரல் பிரிவும் அதனுடன் சேர்ந்து இயங்கும் ஆய்வகமும் கவனித்த ஒரு குடும்பத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு. அந்தக் குழுவில் நான் மரபணு ஆலோசகராக இருந்தேன். குடும்பத்தினரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்ற பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் எதையும் மாற்றவில்லை.

பின்னணி

குடும்பம் குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தது. கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் பெரும்பாலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. தாயார் சிறுவயது முதல் பீடி சுற்றியவர். தந்தை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய பழைய சி.டி. படம் ஒன்று மஞ்சள் உறைக்குள் வீட்டில் இருந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு (இனி பி வைரஸ்) பரிசோதனை செய்ததற்கான சீட்டு எதுவும் இல்லை. சந்தை நாளில் குடிப்பவர் என்பதால் ஊர் அதைக் குடியின் கணக்கில் எழுதி முடித்துவிட்டது.

பிள்ளைகள் மூவர். மூத்தவர் நாற்பதைக் கடந்தவர், ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை. அடுத்தவர் மகள், வாலாஜாபேட்டை பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கடைசி மகன் ராணிப்பேட்டையில் வேலை செய்கிறார், முப்பதுகளின் நடுவில் இருப்பவர். இனி மூத்தவரை அண்ணன் என்றும் மகளைத் தங்கை என்றும் கடைசி மகனைத் தம்பி என்றும் குறிப்பிடுகிறேன்.

அண்ணனுக்குப் பி வைரஸ் இருப்பது, ரத்ததானம் செய்யப்போன இடத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பே தெரியவந்திருந்தது. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதால் கீழாநெல்லியை அரைத்து ஒரு மண்டலம் குடித்துவிட்டு அதை மறந்துவிட்டார். அப்படி மறப்பது அரிதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் 2022இல் ஹெபடைடிஸ் பி உடன் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 2.98 கோடி. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அந்த வைரஸ் இருப்பதே தெரியாது. தெரிந்த பிறகும் விட்டுவிடுபவர்கள் வேறு.

முதலில் கண்டவை

வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம், பசி குறைவு, இரண்டு மாதத்தில் எடை இறக்கம். இவற்றோடுதான் அண்ணன் வந்தார். ஸ்கேனில் கல்லீரலின் வலது பகுதியில் 4.2 செ.மீ. கட்டி. சி.டி. ஸ்கேனில் அது கல்லீரல் செல் புற்றுநோய்க்குரிய விதத்தில், சாயம் ஏறும் முதல் கட்டத்தில் பளிச்சென்று தெரிந்து, பிந்தைய கட்டத்தில் மங்கியது. கல்லீரல் புற்றுநோயில் உயரக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதம் ரத்தத்தில் 380. வைரஸ் அளவு மிதமாக இருந்தது. கல்லீரலில் தழும்பு இருந்ததே தவிர, முழுமையான சுருக்க நோய் (சிரோசிஸ்) வந்திருக்கவில்லை.

கடைசியாகச் சொன்னது முக்கியம். குடியாலோ ஹெபடைடிஸ் சி வைரஸாலோ வரும் கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் சுருங்கிய கல்லீரலில்தான் தோன்றும். பி வைரஸ் அதற்குக் காத்திருப்பதில்லை. அது தன் டி.என்.ஏவை நம் செல்லின் டி.என்.ஏவுக்குள்ளேயே செருகிவிடக்கூடியது. சுருக்க நோய் இல்லாததால் அண்ணனுக்கு அறுவை சிகிச்சை சாத்தியமாயிற்று. கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கப்பட்டது. அறுவைக்கு முன்பே, எடுக்கப்படும் திசுவில் ஒரு பகுதியை ஆய்வுக்குப் பயன்படுத்த அவர் ஒப்புதல் கொடுத்திருந்தார்.

குடும்பத்தைப் பரிசோதித்தபோது

அப்பாவுக்கும் கல்லீரல் புற்றுநோய், மகனுக்கும் அதுவே. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வம்சத்தில் ஓடுகிறது. அதற்கு ஒரு மாற்றுக் கருத்தும் உறவினரிடையே உலவியது. மூத்த மருமகள் வந்த பிறகுதான் எல்லாம் தொடங்கியதாம். அவர்தான் எங்கிருந்தோ கிருமியைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று ஒரு சித்தி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

எல்லோருக்கும் பி வைரஸ் பரிசோதனை செய்தோம். மருமகளுக்கு வைரஸும் இல்லை, தொற்று வந்துபோன தடயமும் இல்லை. அவருக்குத் தடுப்பூசி தொடங்கினோம். அண்ணனின் பிள்ளைகள் தடுப்பூசி போட்டவர்கள், அவர்களுக்கும் தொற்று இல்லை. தங்கைக்கு வைரஸ் இருந்தது. தம்பிக்கும் இருந்தது. அறுபதைக் கடந்த தாயாருக்கும் இருந்தது. ஆனால் அளவு மிகக் குறைவு, கல்லீரல் நல்ல நிலையில்.

பிறக்கும் நேரத்தில் தாயிடமிருந்து தொற்று வந்த குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினரிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்த பிறகு தொற்று வந்தால் தங்குவது 5 சதவீதத்துக்கும் குறைவு. மூன்று பிள்ளைகளும் தாய்வழியில் வைரஸைப் பெற்றிருக்கிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். தந்தைக்கும் வைரஸ் இருந்ததா என்பதை இனி அறிய வழியில்லை. இப்படி ஒரு குடும்பத்தில் வைரஸும் இறங்கி வருகிறது, மரபணுவும் இறங்கி வருகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டின் தடமும் ஒரே மாதிரி இருக்கும்.

இதைத் தாயாரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, இலை நறுக்கி நறுக்கித் தடித்துப்போன ஆள்காட்டி விரலை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "நான் கொடுத்த பாலில் போனதா ஐயா?" பாலில் போவதில்லை, அம்மா, பிரசவ நேரத்தில் ரத்தத்தின் வழியாகப் போயிருக்கும், உங்கள் பிள்ளைகள் பிறந்த காலத்தில் இங்கே யாருக்கும் அதற்கான ஊசி கிடையாது என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யல்ல. இந்தியாவில் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி 2002 வாக்கில் சோதனை முறையில் நுழைந்து, நாடு முழுவதற்கும் வந்தது 2011இல். தங்கையின் பிள்ளைகள் பிறந்தவுடன் ஊசி பெற்றவர்கள். அவர்களுக்குத் தொற்று இல்லை என்ற சீட்டைத் தாயார் கையில் வாங்கி இரண்டு முறை பார்த்தார். மருமகளைப் பற்றிய பேச்சு அதோடு அடங்கியது என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

தம்பி கொண்டுவந்த அறிக்கை

தம்பிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தோம். முதல் தவணைக்கு அவர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, தனக்கு அது தேவையில்லை என்று பணிவாகவே சொன்னார். அண்ணனுக்கு அறுவை நடந்த பிறகு பயந்துபோய், இணையத்தில் பார்த்த ஒரு தனியார் நிறுவனத்துக்கு உமிழ்நீரை அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார். கல்லீரல் புற்றுநோய்ப் பக்கத்தில் பச்சை வட்டம்: "சராசரியைவிடக் குறைந்த அபாயம்."

அறிக்கையை நேரில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். பச்சை வட்டத்துக்குப் பின்னால் இருந்தவை இரண்டே எழுத்து வேற்றுமைகள், அதாவது டி.என்.ஏவில் ஆளுக்கு ஆள் மாறும் இரண்டு இடங்கள்.

ஒன்று, முதல் குரோமோசோமில் உள்ள கிஃப்1பி என்ற மரபணுவில். 2010இல் சீனாவில் பி வைரஸ் உள்ளவர்களிடையே நடந்த ஆய்வு, அதில் ஒரு குறிப்பிட்ட எழுத்து உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு குறைவு என்று கண்டது, விகிதம் 0.61 (1 என்றால் வேறுபாடு இல்லை, அதற்குக் கீழே போனால் வாய்ப்பு குறைவு, மேலே போனால் கூடுதல்). ஆனால் ஜப்பான், கொரியா, ஹாங்காங் மக்களிடையே அதையே தேடிய 2012ஆம் ஆண்டு ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அறிக்கையில் முதல் ஆய்வு இருந்தது, இரண்டாவது இல்லை.

மற்றது ஸ்டாட்4 மரபணுவில். இது 2013இல் சீன ஆய்விலிருந்து வந்தது, அபாய எழுத்து ஒன்றுக்கு விகிதம் 1.21. அபாய எழுத்து உள்ளவர்களின் கல்லீரலில், கட்டியிலும் கட்டிக்கு வெளியிலும், ஸ்டாட்4 மரபணுவின் வேலை குறைவாக இருந்தது என்றும் அந்த ஆய்வு காட்டியது. இந்த மரபணு நோய் எதிர்ப்புச் செல்களை வைரஸுக்கு எதிராக முடுக்கிவிடும் பாதையில் இருப்பது. ஆகவே அது குறைந்தால் வைரஸும் கட்டியும் தப்பிக்கும் என்ற விளக்கம் பொருந்துகிறது. தம்பியிடம் இருந்தது மற்ற எழுத்து, அதாவது பாதுகாப்பான பக்கம். அதே அறிக்கையில் பல பக்கங்கள் தள்ளி முடக்குவாதம் என்ற தலைப்பில் மஞ்சள் வட்டம் இருந்தது. அங்கே காரணமாகக் காட்டப்பட்டிருந்ததும் ஸ்டாட்4இன் அதே எழுத்துதான். அந்த எழுத்துக்கும், எதிர்ப்புச் செல்கள் சொந்த உடலையே தாக்கும் முடக்குவாதம், லூபஸ் ஆகிய நோய்களுக்கும் உள்ள தொடர்பு 2007 முதல் தெரிந்ததே. நோய் எதிர்ப்பு கொஞ்சம் கூடினால் ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் நட்டம். அறிக்கை இரண்டு பக்கங்களையும் ஒருமுறைகூட இணைத்துச் சொல்லவில்லை.

இவற்றைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. தம்பிக்குப் பி வைரஸ் இருக்கிறதா என்று அந்த நிறுவனம் கேட்கவே இல்லை. 1981இல் வெளியான தைவான் ஆய்வு 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தது. பி வைரஸ் தங்கியிருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 223 மடங்கு என்று கண்டது. 223ஐக் கேட்காமல் 1.21ஐயும் 0.61ஐயும் வைத்துப் பச்சை வட்டம் போட்டிருந்தார்கள்.

ஆய்வகத்தில் கண்டவை

இதே காலத்தில் அண்ணனின் திசு ஆய்வகத்தில் இருந்தது. கட்டியிலிருந்து ஒரு துண்டு, கட்டிக்குத் தள்ளியிருந்த பகுதியிலிருந்து ஒரு துண்டு, கூடவே ரத்தம். ரத்தத்தின் டி.என்.ஏ அவர் பிறவியிலேயே கொண்டுவந்த எழுத்துகளைக் காட்டும். திசுவின் ஆர்.என்.ஏ எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும். நூற்றுக்கணக்கானவர்களிடம் இரண்டையும் பொருத்திப் பார்த்தால், ஓர் எழுத்து மாறும்போது பக்கத்து மரபணுவின் வேலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கணக்கிடலாம். ஒரே ஒருவரிடம் அந்தக் கணக்கு நடக்காது.

ஆனால் ஒருவரிடமும் செய்யக்கூடிய ஒப்பீடு ஒன்று உண்டு. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. இரண்டிலும் எழுத்து வேறாக இருந்தால், ஆர்.என்.ஏவில் எந்தப் பிரதியின் குரல் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். இரண்டும் ஒரே செல்லுக்குள், ஒரே வைரஸ், ஒரே சாப்பாடு, ஒரே மருந்துக்கு நடுவில் இருப்பவை. ஆகவே இரண்டுக்கும் இடையில் வேறுபாடு தெரிந்தால் அதற்குக் காரணம் அந்தப் பிரதியிலேயே இருக்க வேண்டும்.

கிஃப்1பியில் அண்ணனிடம் இரண்டு எழுத்தும் இருந்தன. கட்டியின் ஆர்.என்.ஏவில் அந்த மரபணுவிலிருந்து கருவி படித்த துண்டுகளில், அதாவது 100 வாசிப்புகளில், 86 ஒரே பிரதியைச் சேர்ந்தவை. எந்த எழுத்து எந்தப் பிரதியில் இருக்கிறது என்பதை உறுதிசெய்ய, ஒப்புதல் பெற்றுத் தாயாரின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அடங்கிப்போயிருந்தது, 2010 ஆய்வு பாதுகாப்பானது என்று சொன்ன எழுத்து இருந்த பிரதி. ஆய்வகத்தின் இளம் ஆய்வாளர் ஒருவர் இதை வாராந்தரக் கூட்டத்தில் வைத்தபோது அறையில் ஓர் உற்சாகம் பரவியது. பாதுகாப்பான பிரதி ஊமையாகிவிட்டது, அதனால் புற்றுநோய் வந்தது. தம்பியிடமும் அதே எழுத்து இருக்கிறது. அவரிடமும் அது ஊமையாகிக்கொண்டிருந்தால்? குடும்பத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்று இருவர் வாதிட்டார்கள்.

நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் கேட்ட கேள்வியால் பேச்சு திசைமாறியது. கட்டிக்கு வெளியே இருந்த துண்டில் விகிதம் என்ன என்று கேட்டார். பார்த்தோம்: 52க்கு 48. பிறவியில் வந்த எழுத்து கல்லீரலின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. அது ஒரு பிரதியை அடக்குவது உண்மையானால் கட்டிக்கு வெளியிலும் அடக்கியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் கட்டியின் டி.என்.ஏவையே எண்ணினார்கள். அதிலும் விகிதம் அதே போலத்தான், ஏறக்குறைய 85க்கு 15. அதாவது பிரதி அடங்கவில்லை, தொலைந்திருந்தது. முதல் குரோமோசோமின் குட்டைக் கையின் நுனிப் பகுதியில், கிஃப்1பியும் அதன் அக்கம்பக்கத்து மரபணுக்களும் இருக்கும் இடத்தில், கட்டிச் செல்கள் ஒரு பிரதியை மொத்தமாக இழந்திருந்தன. கல்லீரல் புற்றுநோயில் அந்தப் பகுதி உதிர்வது அடிக்கடி காணப்படுவதே. மீதி 15 சதவீதம் கட்டிக்குள் கலந்திருந்த ரத்தநாளம், எதிர்ப்புச் செல் முதலிய சாதாரணச் செல்களுடையது. இருக்கும் டி.என்.ஏவுக்கு ஏற்ற அளவில்தான் ஆர்.என்.ஏ இருந்தது. பிறவி எழுத்துக்கு இதில் எந்தப் பங்கும் தெரியவில்லை.

அதே தரவில் இன்னொரு மரபணுவும் கண்ணை இழுத்தது: டெர்ட். குரோமோசோம் நுனிகள் தேய்ந்துவிடாமல் காத்து, செல்லை முடிவில்லாமல் பிரியவிடும் நொதியின் மரபணு இது. வளர்ந்த கல்லீரலில் உறங்கிக் கிடக்க வேண்டியது. கட்டிக்கு வெளியே அப்படித்தான் இருந்தது, கட்டியில் கூச்சலிட்டது. வாசிப்புகளைத் துருவியபோது பாதி வைரஸ், பாதி மனிதன் என்று ஒட்டிப்போன துண்டுகள் கிடைத்தன. வைரஸின் டி.என்.ஏ, டெர்ட் மரபணுவின் தொடக்கப் பகுதிக்குப் பக்கத்தில் செருகியிருந்தது. பி வைரஸ் திரும்பத் திரும்பப் போய் உட்காரும் இடங்களில் இது ஒன்று. இதுவும் மரபில் வந்ததல்ல. அண்ணனின் வாழ்நாளில், ஏதோ ஒரு செல்லில், ஒருமுறை நடந்தது. மல்லாட்டையில் பூஞ்சை பிடித்தால் வரும் அஃப்ளடாக்சின் நஞ்சு, கட்டி வளராமல் தடுக்கும் பி53 மரபணுவில் 249ஆம் இடத்தில் விட்டுச்செல்லும் தழும்பையும் தேடினார்கள். அது இல்லை.

ஸ்டாட்4தான் உண்மையிலேயே சிக்கலானது. அதிலும் அண்ணனிடம் இரண்டு எழுத்தும் இருந்தன. கட்டியில் அந்த மரபணுவின் வேலை, வெளியே இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். 2013 ஆய்வை நினைத்துக்கொண்டு பார்த்தால் உடனே தலையாட்டத் தோன்றும். ஆனால் ஸ்டாட்4 முக்கியமாக வேலை செய்வது எதிர்ப்புச் செல்களில். கல்லீரல் செல்களில் அது குறைவு. நுண்ணோக்கியில் கட்டிக்கு வெளியே வைரஸ் அழற்சியால் எதிர்ப்புச் செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன, கட்டிக்குள் அவை சொற்பம். அந்தச் செல்களே குறைவாக இருந்தால் அவற்றின் மரபணுவும் குறைவாகத்தான் தெரியும். எழுத்தின் பங்கு எவ்வளவு, கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஒரு துண்டுத் திசுவை வைத்துப் பிரிக்க முடியாது. பிரதிகளின் விகிதத்தையாவது பார்க்கலாம் என்றால், எண்ணுவதற்குப் போதுமான வாசிப்புகள் இல்லை. முடிவு இல்லாமலேயே அந்தக் கோப்பு மூடப்பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, கிஃப்1பி விஷயத்தைக் குடும்பத்திடம் கண்டுபிடிப்பாகச் சொல்வதில்லை என்பது. டி.என்.ஏ எண்ணிக்கை வருவதற்கு முன்பே குழு இதை எடுத்தது. ஆய்வக முடிவுகள் சிகிச்சைத் தரத்தில் உறுதிசெய்யப்பட்டவை அல்ல. அதோடு அதைச் சொல்வதால் தம்பிக்குச் செய்யும் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. எந்த எழுத்து இருந்தாலும் அவருக்கு வைரஸ் இருக்கிறது, நெருங்கிய ரத்த உறவில் கல்லீரல் புற்றுநோய் இருக்கிறது. வைரஸ் உள்ளவரின் குடும்பத்தில் இந்தப் புற்றுநோய் இருந்தால் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது என்பது தைவானில் நீண்டகாலம் தொடர்ந்து பார்த்துக் கண்டது. அதற்குப் பின்னால் மரபணுவின் பங்கும் இருக்கலாம். அந்தப் பங்கைக் குடும்ப வரலாறு என்ற ஒரே கேள்வி, இரண்டு எழுத்துகளைவிட நன்றாகவே பிடித்துவிடுகிறது.

இரண்டாவது, தம்பியின் அறிக்கையைக் குப்பை என்று சொல்வதில்லை என்பது. அதில் எழுதியிருந்த எழுத்துகள் சரியானவையே, அவற்றுக்குக் கொடுத்த எடைதான் பிழை. அவருக்கு விளக்க நிலத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டேன். மரபணு வாய்க்கால் என்றால், பிறவி எழுத்து மடையில் கிடக்கும் சிறு கல். கல் கொஞ்சம் நகர்ந்திருந்தால் தண்ணீர் கொஞ்சம் கூடும், குறையும். உங்கள் வயலில் இப்போது ஏரி உடைத்துக்கொண்டு வருகிறது, முதலில் அதை அடைக்க வேண்டும். அவர் சிரித்தார், ஆனால் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில்தான் வைத்துக்கொண்டார். பதினோராயிரம் ரூபாய் கொடுத்தது என்றார்.

அவருடைய எதிர்வாதம் நியாயமாகவும் இருந்தது. "அண்ணனுக்குச் சிவப்பாக இருந்திருக்கும், அதனால் வந்தது. எனக்குப் பச்சை." இதற்குப் பதில் ஆய்வகத்தில் இருந்தது: அண்ணனிடமும் இரண்டு மரபணுக்களிலும் பாதுகாப்பான எழுத்து ஒவ்வொன்று இருந்தது. அதே நிறுவனம் அவரைச் சோதித்திருந்தாலும் சிவப்பு வந்திருக்காது. ஆனால் ஆய்வுக்காகத் தந்த மாதிரியிலிருந்து ஒருவருடைய எழுத்தை எடுத்து இன்னொருவரிடம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் ரகசியம் காப்பதையும் முடிவுகளைத் திருப்பிச் சொல்வதையும் ஒப்புதலோடு பிணைத்திருக்கின்றன. நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டோம். அண்ணனிடம் தனியாகப் பேசினோம். சிகிச்சைத் தர ஆய்வகத்தில் புதிய ரத்த மாதிரியைக் கொண்டு மீண்டும் உறுதிசெய்தோம். கடைசியில் தம்பியிடம் அதைச் சொன்னது அண்ணனேதான். "எனக்கும் உன் பச்சைதான்டா" என்று சொன்னாராம்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் எல்லா விளக்கத்தையும்விட வேலை செய்தது. இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அறிவியல் கணக்கில் அது பலமான வாதமே அல்ல. பாதுகாப்பான எழுத்து உள்ள ஒருவருக்கு நோய் வந்தது என்பதால் அந்த எழுத்து பாதுகாக்காது என்று ஆகிவிடாது. புகைபிடித்துத் தொண்ணூறு வயது வாழ்ந்த தாத்தாவை எடுத்துக்காட்டுபவர்களும் இதே முறையில்தான் வாதிடுகிறார்கள். சரியான முடிவுக்கு ஒரு தளர்வான வாதம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதைத் தடுத்துத் திருத்த நான் முயலவில்லை.

மூன்றாவது முடிவு எளிது. தம்பிக்கு ரத்தத்தில் வைரஸ் அளவு நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது, கல்லீரல் நொதியும் உயர்ந்திருந்தது, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் மிதமான தழும்பு. டெனோஃபோவிர் தொடங்கினோம். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசமாகக் கிடைப்பதால், மாதாமாதம் வேலூர் வந்து வாங்கும் செலவு மட்டும்தான் அவருக்கு. தங்கைக்கு வைரஸ் அளவு குறைவு, தழும்பு இல்லை. மருந்து இல்லாமல் கண்காணிப்பு மட்டும்.

பின்னர் நடந்தது

தம்பியின் இரண்டாவது ஸ்கேனில் 1.1 செ.மீ. அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. ஒரு செ.மீ.க்கு மேல் என்பதால் காத்திருக்காமல் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ரத்தநாளங்களின் தீங்கற்ற முடிச்சுதான் அது. அந்த நான்கு நாட்களும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். கண்காணிப்புக்கு இப்படியும் ஒரு விலை உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஓராண்டில் அவருடைய வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது.

அண்ணனுக்கு அறுவைக்குப் பின் பதினான்காவது மாதத்தில் கல்லீரலின் இடது பகுதியில் 1.6 செ.மீ. கட்டி. ஒழுங்காக ஸ்கேனுக்கு வந்ததால் சிறியதாகவே பிடிபட்டது. ஊசி வழியாக வெப்பம் செலுத்தி அழிக்கப்பட்டது. மருந்து வைரஸை அடக்கினாலும், ஏற்கெனவே செருகிய வைரஸ் துண்டுகளையும் தழும்பையும் எடுத்துவிடாது. முதல் கட்டியின் மிச்சமா, புதிதாக முளைத்ததா என்று சொல்லத் திசு தேவை. அதற்காக மட்டும் ஊசி குத்த வேண்டாம் என்று சிகிச்சைக் குழு முடிவெடுத்தது, அது சரியே. இதை எழுதும்போது அவர் வேலைக்குப் போய்வருகிறார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

ஆய்வகத்தில் இப்போது கட்டியின் ஆர்.என்.ஏவைத் தனியாக யாரும் படிப்பதில்லை. அதே துண்டிலிருந்து டி.என்.ஏவும், கட்டிக்கு வெளியே உள்ள துண்டும், ரத்தமும் சேர்ந்து வந்தால்தான் பிரதிகளின் விகிதம் பற்றிக் கூட்டத்தில் பேசலாம். குரோமோசோம் இழப்பையும் வைரஸ் செருகலையும் கழித்த பிறகு மிஞ்சுவதற்கு மட்டுமே மரபு என்ற பெயர். நோய்க்குறியியல் மருத்துவர் எதிர்ப்புச் செல்களின் அளவைக் குறித்துத் தந்துவிடுகிறார். ஸ்டாட்4 போன்றவற்றுக்கு அது இல்லாமல் எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஒப்புதல் படிவத்தில் மூன்று தனிக் கேள்விகள் சேர்ந்தன: ஆய்வில் தெரிவதை உங்களிடம் சொல்லலாமா, குடும்பத்தாரிடம் சொல்லலாமா, நீங்கள் இல்லாத காலத்தில் யாரிடம் கேட்பது. மூன்றாவது கேள்வியைச் சேர்க்கலாமா என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. புற்றுநோய் நோயாளியிடம் அதைக் கேட்பது கொடுமை என்றார்கள் சிலர். அண்ணனிடமே கேட்டோம். கேட்பதில் தப்பில்லை, பேனாவைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள் என்றார்.

வெளிநாட்டுத் தரவைக் கொண்டு இங்கே எழுத்தைப் படிப்பதிலும் எச்சரிக்கை கூடியிருக்கிறது. மரபு எழுத்துக்கும் மரபணு வேலைக்கும் உள்ள தொடர்புக்கு உலகம் அதிகம் புரட்டும் ஜிடெக்ஸ் தொகுப்பின் எட்டாம் பதிப்பில் 838 பேர், அவர்களில் கல்லீரல் கணக்கில் வந்தவர்கள் 208. பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள், அது வைரஸ் பிடித்த கல்லீரல்களைத் தேடிச் சேர்த்த தொகுப்பும் அல்ல. அழற்சி இருக்கும்போது மட்டும் வெளிப்படும் மரபு விளைவு அங்கே தென்படாமலே போகலாம். வைரஸ் மாறினால் திசையே மாறுவதும் உண்டு: மைக்கா மரபணுவுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் எழுத்து ஜப்பானில் சி வைரஸ் உள்ளவர்களுக்கு அபாயமாகவும், பி வைரஸ் உள்ளவர்களிடம் அதன் மறு எழுத்து அபாயமாகவும் தெரிந்தது. பி வைரஸுக்குள்ளேயே எழுத்தால் குறிக்கப்படும் மரபு வகைகள் உண்டு, நம் பக்கத்தில் டி, ஏ வகைகளே அதிகம். சீன ஆய்வுகள் நடந்த இடங்களில் அதே வைரஸின் பி, சி வகைகள். பல நாட்டு மக்களின் டி.என்.ஏவைத் தொகுத்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் இருக்கும் தமிழர் மாதிரி இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்களுடையது. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் தொகுதியைத் தந்திருக்கிறது. கல்லீரல் திசுவின் ஆர்.என்.ஏ அதில் கிடையாது.

ஸ்டாட்4 கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் இதே பகுதி மக்களின் கட்டியும் கட்டிக்கு வெளிப்புறமும் ஜோடியாகச் சில நூறு மாதிரிகளாவது தேவை. அறுவைக்கு வருபவர்களிடம் ஒப்புதல் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். தாமதமாக வருபவர்களுக்கு அறுவையே சாத்தியமாவதில்லை என்பதால் மாதிரிகள் மெதுவாகத்தான் சேர்கின்றன. இதற்கிடையில் மருத்துவமனையின் முதல் வருகைப் படிவத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: "தாயாருக்குப் பி வைரஸ் பரிசோதனை செய்யப்பட்டதா?" பெரும்பாலான படிவங்களில் அதற்கு எதிரே இன்னும் "இல்லை" என்றே எழுதி வருகிறது. அப்படி வந்தால் தாயாரையும் உடன்பிறந்தவர்களையும் அழைத்துவரச் சொல்லி, அதே நாளில் பரிசோதனைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.